128-ஆம் சாலையில் பன்னீர் வாசம்

இவருக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கத்தில் சுருளிப்பட்டி. மாமாவுக்கு அங்கே இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை இருக்கிறது. நான் தூத்துக்குடி. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது, அதில் நான்கு வருஷம் கலிஃபோர்னியாவின் இந்த ஃப்ரீமான்ட்டில். லீவுக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு வந்தாலே நான் கடல் என்பேன், இவர் மலை, தோட்டம் என்பார். இரண்டும் ஒரே சாலையில் இருக்கிற ஓர் இடம் நம் வீட்டிலிருந்து மூன்று மணி நேரத்தில் இருக்கிறது என்று எங்களுக்கு இந்த செப்டம்பரில்தான் தெரிந்தது.

திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர்போன நாபாவுக்கு ஏற்கெனவே ஒரு தடவை நண்பர்களோடு போயிருக்கிறோம். கூட்டம், வரிசை, பேருந்து பேருந்தாக ஆட்கள். இவருக்குத் திராட்சைக் கொடியைப் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்க்கக்கூட முடியவில்லை. அன்று காரில் திரும்பும்போது இவர் பேசவே இல்லை. அதனால் இந்த முறை ஆண்டர்சன் வேலி. மெண்டோசினோ மாவட்டத்தில் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு, அதன் வழியாகவே 128-ஆம் நெடுஞ்சாலை போய்க் கடலில் முடிகிறது. சனிக்கிழமை காலையில் தோட்டம், மதியம் கடல், இரவு மெண்டோசினோ என்ற கடலோர ஊரில் தங்கல், ஞாயிறு முழுக்கக் கடலோரமாகவே தெற்கே இறங்கி வீடு. இதுதான் திட்டம். மதியம் என்று நான் அழுத்திச் சொல்லியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை இரவே இட்லி ஊற்றி, ஆறவைத்து, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் குழைத்து இரண்டு பக்கமும் தடவி டப்பாவில் அடுக்கிவிட்டேன். ராத்திரி முழுக்க ஊறிய பொடி இட்லிக்கு நிகரான வழிச்சாப்பாடு கிடையாது, சட்னி கெட்டுப்போகுமே என்ற கவலையும் இல்லை. காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். கோல்டன் கேட் பாலத்தில் ஏறும்போது பாலமே தெரியவில்லை. இரண்டு சிவப்புக் கோபுரங்களின் அடிப்பாகம் மட்டும் பக்கத்தில் வந்து போனது, மேலே எல்லாம் வெள்ளை. மூடுபனி. எனக்கு அப்போதே மனசுக்குள் லேசாக ஒரு பயம், கடலிலும் இப்படியே இருந்தால் என்ன செய்வது என்று. வாயைத் திறக்கவில்லை.

101-ஆம் நெடுஞ்சாலையில் பெட்டலூமா, சாண்டா ரோசா எல்லாம் தாண்டி, ஹீல்ட்ஸ்பர்க் வந்ததுமே இரண்டு பக்கமும் திராட்சை ஆரம்பித்துவிட்டது. இவர் ஓட்டிக்கொண்டே எட்டி எட்டிப் பார்க்க, நான் ரோட்டைப் பாருங்க, ரோட்டைப் பாருங்க என்று சொல்லிக்கொண்டே வந்தேன். குளோவர்டேலில் இடது பக்கம் திரும்பினால் 128. அங்கேயிருந்து கடல் வரைக்கும் ஏறக்குறைய 56 மைல். முதல் பாதி வளைவோ வளைவு. கம்பத்திலிருந்து குமுளி ஏறுகிற மாதிரி என்று இவர் சொன்னார், எனக்குக் கொடைக்கானல் பஸ் ஞாபகம் வந்தது. கைப்பையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருந்தேன், நகத்தால் கீறி முகர்ந்துகொண்டே வந்தேன். அம்மா சொல்லிக்கொடுத்தது, இன்னும் கைவிட்டதில்லை. செல்போன் சிக்னல் அந்தச் சாலையில் பெரும்பாலும் கிடையாது, வரைபடத்தை முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வளைவுகள் முடிந்து பள்ளத்தாக்கு விரிகிற இடத்தில் பூன்வில். ஒரே தெரு. இந்த ஊருக்கென்று தனியாக ஒரு பேச்சு உண்டு, பூன்ட்லிங் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஊர்க்காரர்கள் வெளியாட்களுக்குப் புரியக்கூடாது என்று தாங்களே சொல் சொல்லாக உண்டாக்கியது. ஒரு கோப்பைக் காபிக்கு 'ஹார்ன் ஆஃப் ஜீஸ்' என்பார்களாம். இவருக்கு உடனே ஊர் மாட்டுச்சந்தை ஞாபகம் வந்துவிட்டது. தரகர்கள் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அதற்கும் இதற்கும் ஒரே மூளைதான் என்றார். பூன்ட்லிங் பேசத் தெரிந்தவர்கள் இப்போது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். ஒரு மொழி, நூற்றைம்பது வருஷம்கூட முழுசாக வாழாமல், வயதானவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. காபி குடிக்கும்போது அது கஷ்டமாக இருந்தது.

பூன்வில் தாண்டி ஃபைலோ போகிற வழியில்தான் அந்தத் தோட்டம். சாலையோரத்தில் டிராக்டர், பின்னால் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள், அதில் கருநீலப் பழம் குவிந்து கிடந்தது. அன்றைய வெட்டு முடிகிற நேரம். பழம் குளிர்ச்சியாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும் என்று ராத்திரியில் விளக்குப் போட்டே ஆரம்பித்துவிடுவார்கள். இவர் காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் போய் வேலி ஓரத்தில் நின்றுவிட்டார். நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ரெண்டு நிமிஷம் என்றார். அது முக்கால் மணி நேரம்.

அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர், மெக்சிகோவிலிருந்து வந்தவர், இவர் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம், இவருக்கு ஸ்பானிஷ் ஒன்றும் தெரியாது. இவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, கையால் தலைக்கு மேலே ஒரு கூரை மாதிரி போட்டுக் காட்டி, அப்பா, இந்தியா, திராட்சை என்று சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒரு குலையை வெட்டிக் கொடுத்தார். அவர் கையில் இருந்தது நுனி வளைந்த சின்னக் கத்தி, கதிரறுக்கும் அரிவாளைக் குட்டியாகச் செய்த மாதிரி. நான் காரிலிருந்து இறங்கினேன்.

குலை என் உள்ளங்கைக்குள் அடங்கியது. பினோ நுவார் என்ற ரகம். பழங்கள் ஒன்றோடொன்று நெருக்கி அடித்துக்கொண்டு, ஒரு பைன் மரக் காய் எப்படி இருக்குமோ அப்படியே. அந்த உருவத்தை வைத்துத்தான் பினோ என்ற பேரே வந்தது என்பார்கள், பிரெஞ்சில் பின் என்றால் பைன் மரம். ஒரு பழம் கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. மேலே திருநீறு பூசிய மாதிரி வெள்ளைப்பொடி, விரல் பட்ட இடத்தில் மட்டும் கறுப்பாகப் பளபளத்தது. வாயில் போட்டால் தேன். நாம் கடையில் வாங்கிச் சாப்பிடுகிற திராட்சையில் சர்க்கரை நூற்றுக்குப் பதினேழு பதினெட்டு இருந்தாலே நல்ல பழம், வைனுக்கு வெட்டுகிற பழத்தில் இருபத்து நான்கு வரைக்கும் போகும் என்று இவர் சொன்னார். அதெல்லாம் எப்போது படித்தார் என்று எனக்குத் தெரியாது.

இவருக்குத் தாங்கவே முடியாத விஷயம் கொடி நிற்கிற விதம். கம்பம் பள்ளத்தாக்கில் கல்தூண் நட்டு, மேலே கம்பி வலை பின்னி, ஆள் உயரத்துக்குப் பந்தல். கொடி மேலே படரும், பழம் கீழே தொங்கும், உள்ளே நடந்தால் உச்சி வெயிலிலும் நிழல். இங்கே பந்தல் கிடையாது. கம்பி வேலி மாதிரி வரிசை வரிசையாக நட்டமாக நிற்கிறது, இலையை மேல்பக்கமாகக் கம்பிக்குள் சொருகி, பழம் இருக்கிற இடத்தை வெட்டவெளியாக விட்டிருக்கிறார்கள். நம் ஊரில் இப்படி விட்டால் பழம் வெந்துபோகும் என்றார். அதுவும் கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவது, வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான், பனிக்காலத்தில் கொடி இலையெல்லாம் உதிர்த்துவிட்டுத் தூங்கும்போது. கம்பத்தில் கொடிக்குத் தூக்கமே கிடையாது. கவாத்து, மகசூல், மறுபடி கவாத்து என்று இரண்டு வருஷத்தில் ஐந்து மகசூல் எடுப்பார்கள், வருஷம் முழுக்க எங்கேயாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். நான் கல்யாணமாகிப் போன முதல் மாதத்தில் மாமா அந்தப் பந்தலுக்குக் கீழே என்னை நிற்கவைத்து, இங்க பாரும்மா என்று ஒரு குலையைத் தூக்கிப்பிடித்துக் காட்டியது நினைவுக்கு வந்தது. அவர் விரல் இடுக்கில் மயில்துத்தத்தின் நீலம் ஏறியிருந்தது, சோப்புப் போட்டாலும் போகாது என்பார்.

அந்த நீலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடிக்கிற மருந்துக்கு ஊரில் போர்டோ கலவை என்று பெயர். எழுதப் படிக்கத் தெரியாத ஆட்களும் போர்டோ என்று சரியாகச் சொல்வார்கள். போர்டோ என்பது பிரான்சில் வைனுக்குப் பெயர்போன வட்டாரம். அங்கே ரோட்டோரம் போகிறவர்கள் பழத்தைப் பறித்துவிடாமல் இருக்க, விஷம் போலத் தெரியட்டும் என்று இந்தக் கலவையைக் கொடியில் தெளித்திருக்கிறார்கள். அப்படித் தெளித்த கொடிகளில் மட்டும் நோய் வரவில்லை என்று மியார்டே என்ற பேராசிரியர் கவனித்து, 1885-இல் எழுதினார். அது பிரான்சிலிருந்து சுருளிப்பட்டி வரைக்கும் வந்து என் மாமனார் கையில் ஏறியிருக்கிறது. வைன் தோட்டம் எனக்குச் சம்பந்தமில்லாத பணக்கார விஷயம் என்று இருந்த நினைப்பு அந்த வேலி ஓரத்தில் போய்விட்டது.

அப்புறம் நவாரோ வின்யார்ட்ஸ். 1974-இல் ஆரம்பித்த குடும்பத் தோட்டம், முன்கூட்டியே பதிவு செய்திருந்தோம். நான் குடிக்க மாட்டேன், அன்றைக்கு மீதி வழி முழுக்க வண்டி நான்தான் ஓட்ட வேண்டும் என்பதும் முடிவானது. எனக்கு அங்கே என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் இவர்கள் வைனுக்குப் போடுகிற அதே பழத்தைப் புளிக்கவைக்காமல் வெறும் சாறாகவும் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். பினோ நுவாரில் ஒன்று, கெவுர்ட்ஸ்ட்ரமீனர் என்ற ரகத்தில் ஒன்று. பேரை மூன்று தடவை கேட்டுத்தான் பிடித்துக்கொண்டேன். அந்த இரண்டாவதை மெல்லிய கிளாஸில் ஊற்றி என் முன்னால் வைத்தார் அங்கே வேலை பார்க்கிற ஒரு பெண்.

கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோனேன். ரோஜா. சந்தேகமே இல்லை, கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச்செம்பைத் தலைக்கு மேலே உதறுவார்களே, அந்த வாசம். ஒரு வாய் குடித்துவிட்டு இவரிடம் நீட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை. இவரும் குடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "நம்ம பழம்" என்றார். நம் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம், பெயரிலேயே பன்னீர் இருக்கிறது, 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இது வேறு ரகம், நிறமே இளஞ்சிவப்பு, பிறந்தது ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் பக்கம். ஆனால் வாசனை ஒன்றுதான். இவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஊருக்குப் போய் மூன்று வருஷமாகிறது.

கொடி ஏன் இப்படி வெட்டவெளியில் நிற்கிறது, பழம் வேகாதா என்று இவர் கேட்டார். அந்தப் பெண் நன்றாக விளக்கினார். இந்தப் பள்ளத்தாக்கின் மேற்கு முனை கடலுக்குத் திறந்திருக்கிறது, நவாரோ ஆறு போகிற இடைவெளி. பகலில் உள்நாடு சூடாகி வெப்பக்காற்று மேலே எழும்பும், அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்றும் மூடுபனியும் ஆற்று வழியாக உள்ளே வரும். ராத்திரி முழுக்கக் கொடியை மூடிக்கொண்டு நின்று, காலை பத்து பதினோரு மணிக்குக் கலையும். அதனால் பகலில் 32 டிகிரி வெயில் அடித்தாலும் இரவில் 10 டிகிரிக்கு இறங்கிவிடும். பகலில் சர்க்கரை ஏறும், ராத்திரிக் குளிரில் புளிப்பு தங்கும். இந்த ரகங்களுக்கு அதுதான் உயிர். கோடையில் மழையே கிடையாது என்பதால் நம் ஊரில் மழைக்கு வருகிற நோயும் இங்கே இல்லை, மூடுபனிக்கு வருகிற சாம்பல் நோய்க்குத்தான் கந்தகம் அடிக்கிறார்கள். மழை என்றதும் இவர் பெருமூச்சு விட்டார். பழுக்கிற நேரத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை பிடித்தால் கம்பத்தில் பழம் வெடித்துப் போய்விடும், வியாபாரி தோட்டத்துக்கு வரவே மாட்டான்.

சாறு நான்கு பாட்டில் வாங்கினோம். வெளியே மர மேசையில் உட்கார்ந்து இட்லி. மணி இரண்டரை. நான் மதியம் என்று சொன்ன கடலை இவர் மறந்தேவிட்டார், ஆப்பிள் கடை ஒன்று 1930-களிலிருந்து இருக்கிறதாம், அதையும் பார்த்துவிடலாம் என்றார். திராட்சைக்கு முன்னால் இது ஆப்பிளும் ஆடும் வளர்த்த பள்ளத்தாக்கு. பார்த்தோம், ஆப்பிள் நன்றாகவே இருந்தது, ஆனால் எனக்குள் கோபம் ஏற ஆரம்பித்திருந்தது.

சாவியை வாங்கிக்கொண்டு நான் ஓட்டினேன். கடைசி 11 மைல் ரெட்வுட் மரங்களுக்கு நடுவே. மேலே வானம் தெரியாது, கீழே பக்கத்திலேயே ஆறு, பகலிலேயே ஹெட்லைட் போட்டுக்கொண்டு போக வேண்டும். எவ்வளவு அழகு என்று இவர் சொல்லச் சொல்ல நான் பதில் சொல்லவில்லை. மரங்கள் முடிந்து, ஆறு கடலில் சேருகிற இடம் வந்து, 1-ஆம் நெடுஞ்சாலை மேடேறும்போது நான் காத்துக்கொண்டிருந்த கடல் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைச் சுவர். சத்தம் மட்டும் கேட்டது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினேன். காற்று அறைந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வேர்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து இருபது மைல் வந்திருக்கிறோம், பல் கிட்டுகிற குளிர்.

"மதியமே வந்திருந்தா பாத்திருக்கலாம்ங்க" என்றேன். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன் போல் இருந்தது. இவர் ஜாக்கெட்டைக் கழற்றி என்மேல் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றார். தப்புத்தான் என்றார். விளக்கம் ஏதும் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

அன்று சாயங்காலம் முழுக்க எதுவும் தெரியவில்லை. தங்கின இடம் ஒரு பழைய மரவீடு, நடத்துகிற அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கூடத்தின் ஜன்னல் திட்டில் ஒரு பெரிய சிப்பி ஓடு கவிழ்ந்து கிடந்தது. வெளிப்பக்கம் செங்கல் நிறத்தில் சொரசொரவென்று, ஓரத்தில் வரிசையாகச் சின்னத் துளைகள். எடுத்துப் பாருங்கள் என்றார். திருப்பினேன். உள்ளே பச்சை, நீலம், ரோஜா, வெள்ளி எல்லாம் சேர்ந்து அசைகிறது. தண்ணீரில் எண்ணெய் படிந்த மாதிரி என்று சொல்ல வந்தேன், அந்த உவமை போதாது. கையை அசைக்க அசைக்க நிறம் ஓடுகிறது. அபலோன் என்று பெயர். ஒரே ஒரு ஓடு, மறுபாதி கிடையாது, பாறையோடு ஒட்டிக்கொண்டு வாழும்.

அவர் கணவர் இந்தக் கடலில் அபலோன் எடுக்க மூழ்குகிறவராக இருந்தாராம். இங்கே ஆக்சிஜன் தொட்டி கட்டிக்கொண்டு எடுக்க அப்போது சட்டம் விடவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஏழு அங்குலத்துக்குக் குறைந்ததை எடுக்கக்கூடாது. அவர் அதைச் சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊரும் மூச்சைப் பிடித்து மூழ்கிப் பிழைத்த ஊர்தான். முத்துக்குளித்தல் 1961-ஓடு நின்றுபோனது, அது எங்கள் தாத்தா காலம். ஆனால் சங்குக்கு இன்னமும் இறங்குகிறார்கள். பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், ஆட்கள் மூழ்கும்போது கரையில் வீட்டுக்காரி எப்படி இருப்பாள் என்று ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைத் தெரிந்த மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இங்கேயும் நின்றுவிட்டது. 2013 வாக்கில் நட்சத்திர மீன்களுக்கு ஒரு நோய் வந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஊதா நிறத்தில் உடம்பெல்லாம் முள்ளாக ஒரு கடல் உயிர் உண்டு, அதைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்தது நட்சத்திர மீன்தான். அது போனதும் முள் உயிர் பெருகியது. கூடவே கடல் தண்ணீர் சூடானது. கரையை ஒட்டிக் காடு போல வளர்ந்திருந்த கெல்ப் என்ற பெரிய பாசி இந்தக் கடற்கரையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அழிந்தது. அபலோனுக்குச் சாப்பாடே அந்தப் பாசிதான். பட்டினி கிடந்தே செத்தன. 2018-இல் அபலோன் எடுப்பதையே தடைசெய்துவிட்டார்கள். ஜன்னல் திட்டில் இருப்பது கணவர் கடைசியாக எடுத்ததா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. ஓட்டைப் பழையபடி கவிழ்த்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஊரில் அப்போது ராத்திரி ஏழரை, மாமாவுக்கு வீடியோ கால். முதல் நாள் எடுத்த படங்களை அனுப்பியிருந்தோம்.

"ஏம்ப்பா, கொடி நட்டமா நிக்குது? பழத்துல வெயிலு நேரா அடிக்குமே, வெந்து போகாதா?"

மகன் கேட்ட அதே கேள்வி. இவர் மூடுபனியைப் பற்றி விளக்க ஆரம்பித்தார், எனக்குப் பொறுக்கவில்லை, போனை வாங்கி ஜன்னலைத் திறந்து வெளியே காட்டினேன். "இதான் மாமா, பாருங்க. இந்தப் பனிதான் ராத்திரியில பழத்தை மூடிக்குது. பகல்ல வெயில் காயும், ராத்திரி கொடி குளுந்துபோகும்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. நேற்று நான் திட்டித் தீர்த்த வெள்ளைச் சுவரும், அந்தப் பெண் கொண்டாடிப் பேசிய பனியும் ஒன்றுதான். என் கடல்தான் ஆற்று வழியாக ஏறிப்போய் இவர் திராட்சையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. கிளாஸில் வந்த அந்தப் பன்னீர் வாசத்துக்குப் பின்னால் இந்தக் குளிரும் இருந்திருக்கிறது.

"குளிர்காலத்துல கொடி தூங்குமாம் மாமா" என்றேன்.

"தூங்குமா?" என்று கேட்டுவிட்டு மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "நல்லா இருக்கட்டும்மா" என்றார்.

பத்து மணிக்கு மேல் பனி விலகியது. ஒரே தடவையில் அல்ல. முதலில் கீழே பாறையில் அடிக்கிற நுரை, அப்புறம் கொஞ்ச தூரத்துக்குக் கரும்பச்சைத் தண்ணீர், அப்புறம் முழுக் கடலும். மெண்டோசினோ மேட்டின் விளிம்பில் காய்ந்த புல்வழி நடந்தோம். என் கடல் இது இல்லை. மன்னார் வளைகுடா எங்கள் ஊரில் குளம் மாதிரி கிடக்கும், வெதுவெதுப்பாக, காலை வைத்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். இது பாறையைக் குடைந்து குகையாக்கி, அதற்குள் புகுந்து உள்ளேயிருந்து இடிக்கிற கடல். இங்கே கடலுக்கு முதுகைக் காட்டாதே என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், எதிர்பாராமல் பெரிய அலை ஏறி வந்து ஆளை இழுத்துவிடும். நான் விளிம்பிலிருந்து தள்ளியே நின்றேன், ஆனால் ஒரு மணி நேரம் நின்றேன். இவர் ஒரு தடவைகூடப் போகலாமா என்று கேட்கவில்லை.

இரண்டு மைல் வடக்கே பாயின்ட் கப்ரியோ கலங்கரை விளக்கம், 1909-இல் கட்டியது. வண்டியை விட்டு அரை மைல் இறங்கி நடக்க வேண்டும். போனது விளக்குக்காக, மனசில் நின்றது உள்ளே வைத்திருக்கிற ஒரு கப்பலின் கதை. ஃப்ராலிக் என்ற பாய்மரக் கப்பல், 1844-இல் பால்டிமோரில் கட்டியது. அதன் வேலை பம்பாயிலிருந்து சீனாவுக்கு அபின் கொண்டுபோவது. நம் நாட்டு மண்ணில் விளைந்த அபின். நீராவிக் கப்பல்கள் வந்து அந்தத் தொழிலில் இதற்கு இடமில்லாமல் போனதும், சீனாவில் பீங்கானும் பட்டும் ஏற்றிக்கொண்டு தங்க வேட்டை நடந்துகொண்டிருந்த சான்பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பியிருக்கிறது. 1850 ஜூலை 25 இரவில் இந்தப் பாறைகளில் மோதியது. மறு வருஷம் சரக்கைத் தேடி வந்தவர்களுக்குச் சரக்கு பெரிதாகக் கிடைக்கவில்லை, இங்கே வாழ்ந்த போமோ இனப் பெண்கள் சீனப் பட்டைப் போர்த்தியிருந்ததைத்தான் பார்த்தார்கள். கூடவே ரெட்வுட் காட்டையும் பார்த்தார்கள். 1852-இல் மரம் அறுக்கிற ஆலை வந்தது, ஊர் வந்தது. நாங்கள் தங்கியிருந்த மரவீடு அந்தக் காட்டு மரம்தான். உடைந்த பீங்கான் ஓடுகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன, நீலப் பூப்போட்டவை, விளிம்பு அலையில் தேய்ந்தவை. பம்பாய் அபின் சுமந்த கப்பலால் கலிஃபோர்னியாவில் ஒரு காடு விழுந்திருக்கிறது. அந்தப் பெட்டி முன்னால் நின்றபோது பெருமையும் வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை, பாரமாக இருந்தது.

தெற்கே திரும்பி 1-ஆம் நெடுஞ்சாலை. பாயின்ட் அரீனா, குவாலாலா, ரஷ்யர்கள் 1812-லிருந்து 1841 வரைக்கும் கோட்டை கட்டி வாழ்ந்த ஃபோர்ட் ராஸ், எல்லாவற்றையும் காரிலிருந்தே பார்த்தோம். ஒருபக்கம் மலை, ஒருபக்கம் நேரே கீழே கடல், நிறைய இடங்களில் தடுப்புச் சுவரே இல்லை. இவர்தான் ஓட்டினார். கடல் பக்கம் உட்கார்ந்துகொண்டு வந்தது நான், மூன்று மணி நேரமும் ஜன்னலை இறக்கியே வைத்திருந்தேன்.

ஜென்னரில் ரஷ்யன் ஆறு கடலில் சேருகிறது. மணல் திட்டில் கடல்நாய்கள் குட்டி மூட்டைகளாக உருண்டு கிடந்தன. சூரியன் இறங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது, இருந்து பார்த்துவிட்டே போகலாம் என்று இவராகவே சொன்னார். எங்கள் ஊரில் சூரியன் கடலிலிருந்து எழும்பும், அதுதான் நான் பார்த்து வளர்ந்தது. கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கும்போது இப்போதும் எதையோ திருப்பிப்போட்டுப் பார்க்கிற மாதிரிதான் இருக்கிறது. அன்றைக்கு இறங்கின சூரியன் ஊரில் மாமா தோட்டத்தில் அப்போதுதான் ஏறி ஒரு மணி நேரம் தாண்டியிருக்கும். மிச்சமிருந்த நான்கு பொடி இட்லியை இரண்டு இரண்டாகச் சாப்பிட்டோம். தொடுவானத்தில் பனி மறுபடியும் ஒரு கோடாகக் கட்ட ஆரம்பித்திருந்தது. "வருது பாரு, வேலைக்குப் போறதுக்கு" என்றார் இவர்.

சாறு பாட்டில் மூன்று ஃபிரிட்ஜில் இருக்கிறது. டிசம்பரில் ஊருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது, ஒன்று மாமாவுக்கு.